'விடாது கருப்பு' நல்ல தொடரா, சின்ன வயசுப் பாசமா?

பெருந்துறையில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஏனுங்ணா, விடுதியில நாலு பேர் சேர்ந்து 'மர்மதேசம்: விடாது கருப்பு' முழுசும் பார்த்து முடிச்சோம். எங்க சித்தப்பா வயசுக்காரங்க எல்லாம் இதைத் தலைமேல வச்சுக் கொண்டாடறாங்க. அவங்களே உட்கார்ந்தா அது சரியில்ல, இது சரியில்லன்னு விடிய விடியச் சண்டையும் போடறாங்க. இது நெசமாலுமே நல்ல தொடருங்களா, இல்ல சின்ன வயசுப் பாசமுங்களா?"

இரண்டும் கலந்துதான் இருக்கிறது தம்பி. என்னிடம் அந்தப் பாசம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

1997-ல் சன் டிவியில் இது வந்தபோது எனக்குப் பதினோரு வயது. சோமனூர் பக்கம் ஊர். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். தறி ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது, டிவி எங்கே கேட்கும்? வாரத்தில் அந்த ஒரு ராத்திரி மட்டும் அப்பா அரை மணி நேரம் தறியை நிறுத்துவார். நாள் முழுக்கத் தடதடவென்று ஓடிய தறி சட்டென்று நின்றால் காதுக்குள் ஒரு வெறுமை வரும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரியும். அந்த வெறுமைக்குள் குதிரைக் குளம்புச் சத்தம் வந்து விழும். போதாததற்கு, குடோனிலிருந்து கூப்பிடு தூரத்தில் கருப்பராயன் கோயில். இப்படி ஓர் ஏற்பாட்டில் எதைக் காட்டியிருந்தாலும் நான் பயந்திருப்பேன். அதனால்தான் போன வருஷம் கோவையில் என் வீட்டில், பட்டப்பகலில், யூடியூபில் முதலிலிருந்து கடைசி வரை மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். பயம் முக்கால்வாசி போய்விட்டது. ஆனாலும் நடுவில் எழுந்திருக்க மனம் வரவில்லை. அந்த மனம் வராததற்குத்தான் காரணம் தேடுகிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். தோட்டக்காரமங்கலம் என்ற ஊரில் தப்பு செய்கிறவர்களைக் கருப்பு தண்டிக்கிறது என்று ஊரே நம்புகிறது. சிறுவன் ராஜேந்திரனின் பழைய காலமும், அவன் வளர்ந்த பிறகு நடக்கும் காலமும் மாறி மாறி வரும். தண்டிப்பது சாமியா மனிதனா என்ற கேள்விக்கு, ராஜேந்திரனுக்குள்ளேயே இன்னொரு ஆளாகக் கருப்பு இருக்கிறது என்று கடைசியில் பதில் வரும்.

சிங்காநல்லூரில் ஒரு பேக்கரியில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆறேழு பேர் கூடுவோம். டீக்கு மூன்று ரவுண்டு, சண்டைக்கு முப்பது ரவுண்டு. அங்கே வருகிற வாதங்களைத்தான் உங்கள் சித்தப்பாவும் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன்.

எடுத்தவுடன் வருவது "இழுவை" என்ற புகார். நீங்கள் நாலு பேரும் ஒரே மூச்சில் பார்த்திருப்பீர்கள், அதனால் இன்னும் அதிகமாகத் தெரிந்திருக்கும். இது வாரத்துக்கு ஒரு முறை வந்த தொடர். ஏழு நாள் ஊரில் தெருத்தெருவாகப் பேசுவதற்கு இடம் விட்டு எழுதப்பட்டது. ஒருவர் கதவைத் திறக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வது வாரத் தொடரில் பதற்றம், அடுத்தடுத்துப் பார்க்கும்போது அலுப்பு. இந்தக் குறையை நான் பாதிக்குத்தான் ஒப்புக்கொள்வேன்.

நிஜமான இழுவை என்ன என்பதற்குத் தினத்தொடர்களைப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. அன்றைக்குச் சன் டிவியில் பெரும்பாலும் தயாரிப்பாளர்தான் சேனலுக்குப் பணம் கட்டி நேரத்தை வாங்குவார். அந்த நேரத்தில் வரும் விளம்பரத்தை அவரே விற்றுப் போட்ட காசை எடுக்க வேண்டும். நன்றாக ஓடுகிற ஒரு தொடரை முடித்தால் அந்த நேரமே கைவிட்டுப் போகலாம். அப்புறம் யார் முடிப்பார்கள்? 'கோலங்கள்' 2003-ல் தொடங்கி 2009 வரை 1,500-க்கும் மேற்பட்ட எபிசோட் ஓடியது. நாயகி அபி தனியாக நின்று தொழில் நடத்திய அந்த முதல் இரண்டு வருஷத்தை எங்கள் பேக்கரியில் ஒருவரும் குறை சொல்வதில்லை. திருப்பூரில் பனியன் யூனிட் நடத்தும் ஒரு நண்பர், தன் மனைவி அந்தத் தொடரைப் பார்த்துத்தான் செக் புக்கைக் கையில் எடுத்தார் என்று இன்றைக்கும் சொல்வார். ஆனால் வில்லன் ஆதி பழிவாங்குவதும் அபி தப்பிப்பதும் திரும்பத் திரும்ப வந்தபோது, எழுதுகிறவருக்கே கதை எங்கே போகிறது என்று தெரியாத மாதிரி ஆகிவிட்டது. 'விடாது கருப்பு' கதை முடிந்த இடத்தில் நின்றது. அதற்கு அடுத்து அதே 'மர்மதேசம்' வரிசையில் வேறு கதை வந்தது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் முடிவு ஒன்று முன்கூட்டியே இருந்தால்தான் நடுவில் வரும் ஒவ்வொரு காட்சியும் அதை நோக்கிப் போகும். மறுபடி பார்க்கும்போது இது நன்றாகவே தெரிகிறது.

'மெட்டி ஒலி'யைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசமா தரமா என்ற உங்கள் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது அங்கேதான். 2002 முதல் 2005 வரை அது ஓடியது. சிதம்பரம் என்ற அப்பா, ஐந்து பெண்கள். நம் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகும் தலைத் தீபாவளி, நோம்பி (திருவிழா), காதுகுத்து என்று சீர் செய்து ஓய்ந்தபாடில்லை. அதனால் அந்த அப்பா கணக்குப் பார்க்கிற காட்சி வந்தால் எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். இரண்டாவது பெண் சரோவின் கணவன் மாணிக்கமாக வந்தவர் சேத்தன், அதே 'விடாது கருப்பு' ராஜேந்திரன். மாமியாரிடம் சரோ படும் பாட்டைப் பார்த்து எங்கள் அத்தை 2002-ல் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பார். 2020 ஊரடங்கில் சன் டிவி அதை மறுபடி போட்டது. தறியெல்லாம் நின்றுபோன நேரம், வேறு வேலையும் இல்லை, எல்லோரும் உட்கார்ந்தோம். அதே காட்சி வந்தது. அத்தை அழவில்லை. "இவ ஏன் வாயத் தொறந்து திருப்பிக் கேக்க மாட்டீங்கறா?" என்று கோபப்பட்டு எழுந்து போய்விட்டார். தொடர் மாறவில்லை, அத்தை மாறியிருந்தார். சரோவின் பொறுமையைப் பெருமையாகக் காட்டியது அந்தத் தொடரின் பெரிய குறை. அப்பா கணக்குப் பார்க்கிற காட்சிக்கு மட்டும் அத்தை இரண்டு தடவையும் அசையாமல் இருந்தார். பதினெட்டு வருஷம் கழித்து ஆள் மாறிய பிறகும் ஒரு காட்சி அப்படியே பிடித்து வைத்தால் அதைப் பாசம் என்று தள்ள முடியாது.

அதே சோதனையைத்தான் 'விடாது கருப்பு'க்கும் செய்து பார்த்தேன். கிராபிக்ஸ் பழசாகிவிட்டது, அதைப் பேசிப் பிரயோசனம் இல்லை. சில துணை நடிகர்கள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள், அதுவும் சரி.

அடுத்தது நம் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் ஒரு பெருமை: "'அந்நியன்', 'சந்திரமுகி' ரெண்டும் 2005-ல வந்ததுங்க, இது எட்டு வருஷம் முந்தி." வருஷக் கணக்கு சரிதான். ஆனால் ஒரே உடம்பில் இரண்டு ஆள் என்ற கதையை மலையாளத்தில் 'மணிச்சித்திரதாழ்' 1993-லேயே எடுத்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் எல்லோரும் பார்த்த படம். முதலில் வந்தது என்ற வாதத்தை விட்டுவிடலாம். அது இல்லாமலேயே இந்தத் தொடருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எனக்கு உறுத்துகிற ஒன்று எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்படாத விஷயம்: வட்டாரப் பேச்சு. நம் பக்கத்தில் கருப்பசாமி என்பதைவிடக் கருப்பராயன் என்றுதான் அதிகம் சொல்வோம். கன்னிமாருக்குப் பக்கத்தில் எல்லைக்குக் காவல் நிற்கிறவர். கிடா வெட்டு, மண் குதிரை, அருவாள் எல்லாம் இங்கேயும் உண்டு. தொடரில் வந்த கருப்பு தென்பக்கத்துச் சாமி, பேசியதும் தென்பக்கத்துப் பேச்சு. அது அந்த ஊர்க் கதை, அப்படித்தான் இருக்க வேண்டும், தப்பில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து வந்த பல தொடர்களில் சாமி, பழி, மானம், அழுகை எல்லாவற்றுக்கும் மதுரைப் பேச்சு, சிரிப்புக்கு மட்டும் கொங்குப் பேச்சு என்று ஆகிவிட்டது. "ஏனுங்க", "போங்க" என்று ஒரு பாத்திரம் வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களைப் பழக்கிவிட்டார்கள். எங்கள் அப்பத்தாள் ஒருவரைச் சபிக்கும்போதுகூட "நீங்க நல்லா இருக்க மாட்டீங்க" என்று மரியாதையோடுதான் சபிப்பார். அதில் இருக்கிற பயங்கரத்தை எடுக்க ஒரு தொடர் வர வேண்டும் என்று நான் ரொம்ப வருஷமாகக் காத்திருக்கிறேன்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். சண்டை முற்றுவது இங்கேதான். ஒரு கட்சி, "கடைசி வரை சாமின்னு காட்டிட்டு நோய்னு முடிச்சது ஏமாத்து" என்கிறது. இன்னொரு கட்சி, "அதுதான் தைரியம், மூடநம்பிக்கையை உடைச்சாங்க" என்கிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

ஏமாற்று என்று சொல்ல முடியாது. விடைக்கான தடயங்கள் சிறுவனின் கதையில் நேர்மையாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் தடவை பார்க்கும்போது அது தெரியும். அமெரிக்காவில் 1990-ல் வந்த 'ட்வின் பீக்ஸ்' தொடரில் கொலையாளி யார் என்று சீக்கிரம் காட்டச் சொல்லிச் சேனல் நெருக்கியது. இரண்டாவது சீசனின் நடுவிலேயே காட்டினார்கள், கூட்டம் கலைந்தது, 1991-ல் தொடரும் நின்றது. மர்மத் தொடருக்கு விடையை எங்கே வைப்பது என்பது அவ்வளவு பெரிய காரியம். நாகா அதைக் கடைசி வரை கொண்டுபோய் வைத்தார், அதுவரை இரண்டு பக்கமும் நம்பும்படி வைத்திருந்தார்.

குறை அந்த விடைக்குள் இருக்கிறது. அன்றைக்கு மல்டிபிள் பர்சனாலிட்டி என்று சொல்லப்பட்ட நோய்க்கு 1994-லேயே டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர் என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். பெயரை விடுங்கள். இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் சின்ன வயதில் தாங்க முடியாத கொடுமையை அனுபவித்தவர்கள். அடுத்தவரைத் தேடிப் போய்க் கொல்கிறவர்கள் அல்ல, தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறவர்களே அதிகம். மனநோய் என்றால் கொலைகாரன் என்ற எண்ணம் நம் ஊரில் ஏற்கெனவே வேரோடியிருக்கிறது. இந்தத் தொடரும் அப்புறம் வந்த படங்களும் அதற்குத் தண்ணீர் ஊற்றின. இதை நான் லேசாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வைத்தியத்துக்குப் போக வேண்டிய ஓர் அக்காவை, வெளியே தெரிந்தால் பயப்படுவார்கள் என்று பல வருஷம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

இன்னொன்று. சாமி, நோய் என்று இரண்டே இரண்டு பெட்டியை வைத்து இதில் எது என்று கேட்கிறது தொடர். நம் ஊரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் பெரிய இடம் இருக்கிறது. எங்கள் மாமாவுக்கு வருஷா வருஷம் நோம்பிக்குக் கருப்பராயன் வரும். உடுக்கை அடிக்க அடிக்க உடம்பு நடுங்கும், அருவாள் மேல் நிற்பார், வாக்குச் சொல்வார். முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவார். மறுநாள் காலையில் தறியில் பாவு நூல் பிணைக்கிற வேலைக்குப் போய்விடுவார். இது நோயா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் புத்தகமான ஐ.சி.டி-10 இதற்குத் தெளிவாகக் கோடு போட்டிருக்கிறது. தன் விருப்பமில்லாமல், வழிபாட்டுக்கும் ஊர் வழக்கத்துக்கும் வெளியே வருகிற நிலையைத்தான் அது நோய் என்று கணக்கில் எடுக்கிறது. கோயில் நோம்பியில் வருவதை அல்ல. தொடர் வருவதற்குச் சில வருஷம் முன்பே வந்த புத்தகம் இது. அந்தக் கோட்டைத் தொட்டிருந்தால் தொடர் எங்கேயோ போயிருக்கும். காங்கேயம் பக்கம் பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் அண்ணமார் கதை பாடும்போது, அவர்கள் விழுந்த போர்க்களத்தை நடித்துக் காட்டும் படுகளத்தில் செத்தவர் மாதிரி விழுந்து கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்களை எழுப்பும்வரை சுற்றி நிற்கிற ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சாமியா நோயா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, எழுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் கவலை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டும் நல்ல தொடர் என்று ஏன் சொல்கிறேன்? அந்தப் பாட்டிக்காகவும் பேரனுக்காகவும்.

பாட்டியாக வருகிறவர் சி.டி. ராஜகாந்தம். 1941-ல் 'சபாபதி'யில் காளி என். ரத்தினத்தோடு சேர்ந்து ஊரைச் சிரிக்கவைத்தவர். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, சுருங்கிப்போன உடம்போடு வந்து உட்கார்ந்து, குரலை உயர்த்தாமலேயே நம்மை நடுங்கவைக்கிறார். மறுபடி பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது குதிரை இல்லை, இவர்தான். தப்பு செய்தால் கருப்பு தண்டிக்கும் என்று சொல்லிச் சொல்லிப் பேரனை வளர்க்கிறாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவன் நல்லவனாக வர வேண்டும் என்ற ஆசையில். அந்த ஆசை பையனுக்குள் எப்படி அருவாளாகிறது என்பதைத் தொடர் அவசரப்படாமல் காட்டுகிறது. பையனாக நடித்த லோகேஷ் ராஜேந்திரனின் கண்களைப் பாருங்கள். பயமும், பாட்டியிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற தவிப்பும் ஒரே பார்வையில் இருக்கும். டாக்டர் வந்து சொல்கிற விளக்கத்தைவிட அந்தப் பார்வையில் உண்மை அதிகம். "பொய் சொன்னா கருப்பராயன் கண்ணைக் குத்தும்" என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது கதை இல்லை.

2022-ல் 'சுழல்' வெப் சீரிஸ் வந்தபோது எங்கள் பேக்கரியில் பாதிப் பேர் இதைவிட அதுதான் மேல் என்றார்கள். மயானக் கொள்ளைத் திருவிழாவை ஒட்டி எட்டே எபிசோட், படப்பிடிப்பு, நடிப்பு, வேகம் எல்லாவற்றிலும் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே திருவிழாவை எடுத்துவிட்டாலும் குற்றம் அப்படியே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே கருப்பை எடுத்துவிட்டால் கதையே கிடையாது.

உங்கள் சித்தப்பா ஏன் தெரிந்த கதையை மறுபடி மறுபடி பேசுகிறார் என்ற கேள்வியும் உங்களுக்கு இருக்கும். அண்ணமார் கதையில் பொன்னரும் சங்கரும் சாகப்போகிறார்கள் என்று தெரியாதவர் யார்? தெரிந்தும் ராத்திரி ராத்திரியாகப் போய் உட்காருவார்கள். அடுத்த நாள் பொன்னரின் பொறுமை சரியா, சங்கரின் கோபம் சரியா என்று திண்ணையில் வாக்குவாதம் நடக்கும். அந்த வாக்குவாதத்தில் வளர்ந்தவர்கள்தான் ராஜேந்திரனைக் குற்றவாளி என்பதா, பாட்டியைக் குற்றவாளி என்பதா என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் பாட்டி கட்சி. எங்கள் கூட்டத்தில் மூன்று பேர், பார்த்துக்கொண்டு சும்மா இருந்த ஊரே குற்றவாளி என்கிறார்கள். அவர்கள் வாதத்துக்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

அடுத்து எதைப் பார்ப்பது என்றால், இதே வரிசையில் வந்த 'ரகசியம்' பாருங்கள். நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிய கதை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற நமக்கு, போகர் செய்த சிலை என்று கேட்டே வளர்ந்த நமக்கு, அந்தச் சொல் புதுசு இல்லை. நாலு பேரும் சேர்ந்து பாருங்கள், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு எபிசோடுக்கு மேல் போடாதீர்கள். சனிக்கிழமை சிங்காநல்லூர்ப் பக்கம் வந்தால் பேக்கரியில் உட்கார்ந்து மீதியைப் பேசுவோம்.